அம்மாவின் அரவணைப்பு இல்லாமல் வளர்ந்த பெண்கள்: கல்யாணம், வேலை, பிள்ளை என்று வரும்போது எப்படி முடிவெடுக்கிறார்கள்?

தக்கேட்டா டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக மனதைக் குடைகிற விஷயம். இங்கே பெண்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

யாங்கூனில் ஒரு கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வருகிற பெண் பிள்ளைகளில் பல பேருக்கு அம்மா ஊரில் இல்லை. தாய்லாந்திலோ மலேசியாவிலோ வேலை. பிள்ளை அப்பத்தாவிடமோ சித்தியிடமோ வளர்கிறது. மாதாமாதம் பணம் வருகிறது, கைபேசி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், ஒரு குறையும் இல்லை என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். வேறு சில பிள்ளைகளுக்கு அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். ஹ்லைங் தாயா பக்கம் தையல் ஆலைக்கு விடியக்காலையில் கிளம்பி, ஓவர்டைம் முடித்து, இருட்டிய பிறகு வந்து படுக்கிறவளிடம் பிள்ளை என்னத்தைப் பேசும்?

என்னிடம் படித்த ஒரு பெண், பத்தாவதுகூட முடிக்கவில்லை, ஃபேஸ்புக்கில் பழகிய பையனோடு போய்விட்டாள். அவன் ஊர் எது, தொழில் என்ன என்று எதுவும் தெரியாது. பிறகு ஒருநாள் கோயிலுக்கு வந்தபோது மெதுவாகக் கேட்டேன். "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப மாத்திரை வாங்கிட்டு வந்தார் டீச்சர். நான் முழுங்குற வரைக்கும் பக்கத்துலயே நின்னார்" என்றாள். அவ்வளவுதான் காரணம். அந்த வயது வரை அவளுக்கு அப்படி யாரும் நின்றதில்லை.

2024 பிப்ரவரியில் மியான்மர் ராணுவ அரசு கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதாக அறிவித்தபோது இதையே ஊர் முழுக்கப் பார்த்தோம். சட்டத்தில் பெண்களுக்கு 18 முதல் 27 வயது என்று இருந்தது, கல்யாணமானவர்களுக்கு விலக்கு. பெண்களை இப்போதைக்கு அழைக்கப் போவதில்லை என்று பிறகு சொன்னார்கள். அதற்குள் அவசர அவசரமாக எத்தனை கழுத்தில் தாலி ஏறியது! "பொறுடி, வேற வழி இருக்கான்னு பார்ப்போம்" என்று சொல்ல ஒரு ஆள் இருந்த பெண்கள்தான் நிதானமாக இருந்தார்கள். எங்கள் தெருவில் நான் பார்த்தது அப்படித்தான்.

தாயின் கவனிப்பு கிடைக்காமல் போவது பின்னாளில் ஒரு பெண்ணின் முடிவுகளை எவ்வளவு தூரம் ஆட்டிவைக்கிறது? யாரைக் கட்டுவது, எப்போது முடியாது என்று சொல்வது, பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பது வரைக்கும். பட்டதைச் சொல்லுங்கள், படித்ததையும் சொல்லுங்கள்.

---

பியாப்போன் பொண்ணு

டீச்சர், நான் சொல்கிறேன். 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் அம்மா போய்விட்டார். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஐராவதி டெல்டா பக்கம் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தோ காணாமலோ போனார்கள். அதில் ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாதவர்கள், மரம் ஏறத் தெரியாதவர்கள். எங்கள் பக்கம் ஒரே வயதில் தாயில்லாப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வளர்ந்தோம்.

பெரியம்மா வீட்டில் இருந்தேன். அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. நல்ல மனுஷிதான். ஆனால் அவருக்கே நாலு பிள்ளைகள். நான் எதையும் கேட்காமல் இருந்தால் வீட்டில் சண்டை வராது என்று சீக்கிரமே புரிந்துவிட்டது. வயதுக்கு வந்ததை இரண்டாவது மாதம் வரை யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரியில் துணியை அலசி ஈரத்தோடு மடித்து வைப்பேன். பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மா பார்த்துவிட்டு, திட்டாமல், தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொடி கட்டிக் கொடுத்தார், அங்கே காயப்போடச் சொல்லி.

கல்யாணப் பேச்சு வந்தபோது முதலில் வந்த இடத்துக்கே சரி என்றேன். அவர் நல்லவரா கெட்டவரா என்று யோசிக்கவே இல்லை. "உனக்குப் பிடிச்சிருக்கா?" என்று பெரியப்பா கேட்டதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. பிடித்தது, பிடிக்காதது என்று எனக்குள் ஒன்று இருப்பதாகவே தெரியாது. இன்றைக்கும் தெயின்ஜி மார்க்கெட்டில் கடைக்காரர் நாலு தாமெய்ன் (பர்மாக்காரப் பெண்கள் கட்டும் லுங்கி) துணியை விரித்துப்போட்டு எது வேண்டும் என்றால் கழுத்து வியர்த்துவிடும். "எதுன்னாலும் குடுங்க" என்று வாங்கி வந்துவிடுவேன்.

புருஷன் குடிப்பார். அடித்ததும் உண்டு. கிளம்பிப் போகலாம் என்று தோன்றவே சில வருஷம் ஆனது. இப்போது தனியாக இருக்கிறேன், தையல் கடை வைத்திருக்கிறேன்.

---

மோல்மேன் பெரியவர்

படித்தேன். பியாப்போன் மகளே, நீ தனியாக நின்று கடை வைத்ததே பெரிய காரியம்.

ஆனால் பொதுவாக ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் காலத்தில் எதற்கெடுத்தாலும் பெற்றவளைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். நம் சனங்கள் பட்டது என்ன? 1942ல் ஜப்பான்காரன் வந்தபோது சுமார் ஐந்து லட்சம் இந்தியர்கள் இந்தியாவுக்கு ஓடினார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் தவுங்குப் வழியாகவும் தமு வழியாகவும் மலையேறி நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழிநெடுகச் செத்தார்கள். எங்கள் ஆத்தா அதில் ஒரு பிள்ளையைப் பாதையிலேயே விட்டுவிட்டு வந்தவள். சண்டை முடிந்து திரும்பி வந்தோம். அப்புறம் 1964. கடைகளை எல்லாம் அரசு எடுத்துக்கொண்டது, 50 கியாட், 100 கியாட் நோட்டு செல்லாது என்றார்கள், அந்த வருஷங்களில் மூன்று லட்சம் பேர் கப்பலேறினார்கள். அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று குடும்பங்கள் துண்டுதுண்டாகப் போயின.

ஆத்தா எங்களைக் கொஞ்சியது கிடையாது. சோறு போட்டாள், படிக்க வைத்தாள். என் தங்கைகள் மூன்று பேரும் நல்லபடியாகக் கட்டிக்கொண்டு போனார்கள். யாரும் கெட்டுப்போகவில்லை. ஆகவே தாயைக் குறை சொல்லாதீர்கள்.

---

தன்லின் தனிமரம்

ஐயா, உங்கள் தங்கைகளிடம் கேட்டீர்களா?

---

மண்டலே நர்ஸ்

மனநலப் பிரிவில் வேலை செய்தவள் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்வியை முதலில் பெரிதாகக் கிளப்பியவர் ஜான் பவுல்பி. போரில் வீடிழந்த பிள்ளைகளைப் பற்றி 1951ல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக எழுதினார். பிள்ளைக்குச் சோறும் துணியும் போதாது, நிலையான ஒரு ஆளின் அன்பும் வேண்டும் என்றார். அவருடன் வேலை செய்த மேரி எய்ன்ஸ்வொர்த் முதலில் உகாண்டாவிலும் பிறகு அமெரிக்காவில் பால்டிமோரிலும் குழந்தைகளை வீட்டுக்கே போய்க் கவனித்தார். பால்டிமோரில் ஓர் ஆய்வு அறையில் தாயைச் சற்று நேரம் வெளியே அனுப்பிவிட்டும் பார்த்தார். கூப்பிட்டால் வருகிற தாயின் குழந்தை அழும், தூக்கியதும் அடங்கும். வருவாளா மாட்டாளா என்று தெரியாத குழந்தை ஒட்டிக்கொண்டு விடாது. கூப்பிட்டும் வராத தாயின் குழந்தை அழுவதையே நிறுத்திவிடும். பார்ப்பவர்கள் "சமத்துப் பிள்ளை" என்பார்கள். ஆனால் அந்த அழாத குழந்தையின் இதயத் துடிப்பும் ஏறுவதைப் பின்னால் வந்தவர்கள் அளந்து பார்த்தார்கள். பியாப்போன் தங்கை, கேட்காமலே இருக்கக் கற்றுக்கொண்டதாகச் சொன்னீர்களே, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான்.

பெண்களைப் பற்றி நேரடியாகச் சொன்னது இன்னொரு ஆய்வு. ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் என்ற இருவரும் தென் லண்டனில் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடம் செய்தது, 1978ல் வெளிவந்தது. வாழ்க்கையில் பெரிய அடி விழும்போது யார் மனச்சோர்வில் விழுகிறார்கள் என்று பார்த்தார்கள். பதினொரு வயதுக்குள் தாயை இழந்தவர்கள், மனம்விட்டுப் பேச ஒரு ஆள் இல்லாதவர்கள், வீட்டில் மூன்றோ அதற்கு மேலோ சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள், வெளியே வேலைக்குப் போகாதவர்கள், இவர்கள்தான் எளிதில் விழுந்தார்கள். பிறகு அதே குழு இன்னும் தோண்டியபோது, தாயை இழந்ததைவிட அதற்குப் பிறகு கவனிப்பு எப்படி இருந்தது என்பதே முக்கியம் என்று தெரிந்தது. பெரியம்மாவோ அப்பாவோ யாராவது அக்கறையாகப் பார்த்துக்கொண்ட பெண்கள் பெரும்பாலும் தேறிவிட்டார்கள். அப்படி இல்லாதவர்களில் பலர் கல்யாணத்துக்கு முன்பே கர்ப்பமாகி, அதனாலேயே பொருந்தாத ஆளோடு மாட்டிக்கொண்டார்கள். ஒன்றிலிருந்து ஒன்றாகச் சங்கிலி போலப் போகிறது.

பெரியவர் ஐயாவுக்கு: தாயைக் கூண்டில் ஏற்றக் கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம். 1972லேயே மைக்கேல் ரட்டர் என்ற மருத்துவர் பவுல்பியை மறுத்து, தாய் என்ற ஒரே ஆள் மேல் எல்லாவற்றையும் சுமத்துவது சரியில்லை, வீட்டுச் சண்டையும் வறுமையும் மாறி மாறிப் பலரிடம் வளர்வதும் தனித்தனியே எண்ணப்பட வேண்டும் என்றார். ஆனால் பட்ட வலியைச் சொல்வது குற்றம் சாட்டுவது ஆகாது. பிள்ளையைப் பாதையில் விட்டுவிட்டு வந்த உங்கள் ஆத்தாவின் நெஞ்சில் அடுத்த பிள்ளையைக் கொஞ்ச இடம் இருந்திருக்குமா? அவரை யார் தேற்றினார்கள்?

---

நாட்டாண்மை

மாதா பிதா குரு தெய்வம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். பெற்ற தாயைப் பொதுவில் எடைபோடுவது நம் பண்பாடு இல்லை.

---

தன்லின் தனிமரம்

அப்படியானால் என்னைப் போன்றவர்கள் எங்கே போய்ச் சொல்வது?

என் அம்மா உயிரோடு இருக்கிறார், ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். மூத்த பெண் நான். அப்பா இறந்ததும் அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டார். தம்பி தங்கைக்குச் சோறு வடிப்பது, டியூஷனுக்கு அனுப்புவது, கடன்காரனிடம் பேசுவது எல்லாம் நான். அம்மா அழுதால் தேற்றுவதும் நான். பள்ளிக்கூடத்தில் படிக்கிற வயதில் நான் அந்த வீட்டுக்கு அம்மாவாகிவிட்டேன். இன்றைக்கு ஊர்க்காரர்கள் "பொறுப்பான பொண்ணு" என்கிறார்கள். எனக்குப் பிள்ளை பெற்றுக்கொள்ள ஆசையே இல்லை. ஏற்கெனவே வளர்த்து முடித்துவிட்டேன் என்றுதான் தோன்றுகிறது. வந்த வரன்களை எல்லாம் தட்டிக் கழித்தாயிற்று. ஒவ்வொரு பொங்கலுக்கும் யாராவது வந்து "உனக்கு என்னதான் கோளாறு?" என்று கேட்கிறார்கள்.

நர்ஸ் அக்கா, இது நோயா? மருந்து சாப்பிட வேண்டுமா?

---

மண்டலே நர்ஸ்

நோய் இல்லை, தங்கை. உங்கள் மேல் வயதுக்கு மீறிய சுமை ஏறியிருக்கிறது. பிள்ளை வேண்டாம் என்பது நீங்கள் எடுக்கக்கூடிய முடிவுதான், அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நிதானமாகப் பாருங்கள். அது வேண்டாம் என்ற ஆசையா, இனி முடியாது என்ற களைப்பா? களைப்பாக இருந்தால் முதலில் ஓய்வு வேண்டும். தம்பி தங்கை பெரியவர்களாகிவிட்டார்கள் அல்லவா, அம்மாவின் பாரத்தில் ஒரு பங்கை அவர்களிடம் இறக்கி வையுங்கள். அம்மாவையும் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். அப்பா இறந்ததிலிருந்து மூலையில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு.

---

மஹாச்சாய் அம்மா

தாய்லாந்திலிருந்து எழுதுகிறேன். இறால் உரிக்கிற ஆலையில் வேலை. டீச்சர் முதலில் சொன்ன அந்த ஊரில் இல்லாத அம்மா நான்தான்.

மகளுக்கு நாலு வயது இருக்கும்போது மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தேன். வராமல் இருந்திருந்தால் வீட்டு வாடகையும் கட்டியிருக்க முடியாது, பள்ளிக்கூடமும் இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இப்போது அவள் பெரிய பிள்ளை. வீடியோவில் பேசுவாள். "சாப்ட்டியா?" "ம்." "படிச்சியா?" "ம்." போன தடவை திரையில் அவள் முகத்தில் தனாக்கா (மரப்பட்டையை அரைத்துப் பூசுவது) கன்னத்தில் இலை மாதிரி அழகாக வரைந்திருந்தது. யார் போட்டுவிட்டது என்றேன். "நானே" என்றாள். அதற்கு மேல் அவளுக்கும் பேச்சு இல்லை, எனக்கும் இல்லை.

இவ்வளவு படித்த பிறகு பயமாக இருக்கிறது. யாராவது மாத்திரை வாங்கிக் கொடுத்தால் அவன் பின்னால் போய்விடுவாளா? இங்கிருந்து என்ன செய்ய முடியும்? திரும்பி வரச் சொல்லாதீர்கள், அது முடியாது.

---

பெகு வக்கீல் அத்தை

இடையில் ஒரு காரியம், இதையும் யாராவது சொல்லியாக வேண்டும். நம் பெண்களுக்குத் தாய் பக்கத்தில் இல்லாதபோது மனசோடு சேர்த்துக் காகிதமும் கெட்டுப்போகிறது. பத்து வயதில் ஒரு தடவை, பதினெட்டில் மறுபடி என்று குடியுரிமை அட்டை எடுக்க வேண்டும். வீட்டுப் பட்டியலில் பிள்ளை பெயர் இருக்க வேண்டும், பெற்றோர் இருவரின் அட்டையும் கேட்பார்கள். 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நம்மவர்களுக்கு இது எவ்வளவு இழுபறி என்று சொல்லத் தேவையில்லை. அம்மா வெளிநாட்டில், அவள் அட்டை எங்கே என்று தெரியாது, அப்பத்தாவுக்கு அலுவலகம் ஏறி இறங்கத் தெம்பு இல்லை. பெண்ணுக்கு அட்டை இல்லாமல் மேல்படிப்பும் நல்ல வேலையும் அடைபட்டுப் போகும். அப்புறம் மிச்சம் இருப்பது கல்யாணம் ஒன்றுதான். அதையும் அவள் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்ததாக ஊர் பேசும்!

மஹாச்சாய் தங்கை, உன் அட்டையின் நகல், கல்யாணப் பத்திரம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் இந்த வாரமே மாமியாரிடம் சேர்த்துவிடு. மகள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று வார்டு அலுவலகத்தில் பார்க்கச் சொல்.

---

மண்டலே நர்ஸ்

மஹாச்சாய் அம்மாவுக்கு.

மகள் போய்விடுவாளா என்று பயப்படுவதற்கு முன் இதைக் கேளுங்கள். 1960களில் லண்டனில் அரசு இல்லங்களில் வளர்ந்த பெண்களை, அவர்களே தாயான பிறகு ரட்டரும் டேவிட் குவிண்டனும் தேடிப்போய்ப் பார்த்தார்கள். பலர் திண்டாடினார்கள், உண்மைதான். நன்றாக இருந்தவர்களும் கணிசமாக இருந்தார்கள். என்ன வித்தியாசம்? பக்கபலமாக இருக்கிற கணவன் வாய்த்தவர்கள் பிள்ளைகளை நன்றாக வளர்த்தார்கள். அந்த நல்ல கணவன் வாய்த்ததும் வெறும் அதிர்ஷ்டம் இல்லை. வீட்டிலிருந்து தப்பித்தால் போதும் என்று பாயாமல், ஆளைத் தெரிந்துகொண்டு, யோசித்துக் கட்டியவர்கள் அவர்கள். பள்ளிக்கூடத்தில் ஏதோ ஒன்றில் நல்ல பெயர் வாங்கிய பெண்களுக்குத்தான் அப்படி யோசிக்கிற பழக்கம் அதிகமாக இருந்தது. படிப்பு, பாட்டு, விளையாட்டு, எதுவாக இருந்தாலும் சரி. "என்னால் ஒன்றைத் தீர்மானிக்க முடியும்" என்று ஒரு இடத்தில் தெரிந்துகொண்டால் அது மற்ற இடத்துக்கும் வருகிறது.

ஆகவே தூரத்திலிருந்து செய்யக்கூடியது இருக்கிறது. அழைக்கிற நேரத்தை மாற்றாதீர்கள். தினமும் முடியாவிட்டால் வாரம் இரண்டு முறை, ஆனால் சொன்ன நேரத்துக்கு. சாப்பிட்டாயா, படித்தாயா இரண்டையும் விட்டுவிடுங்கள். அந்தத் தனாக்கா இலையை எப்படிப் போட்டாள் என்று உங்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள், நீங்களும் கல்லில் அரைத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். சின்னச் சின்ன முடிவுகளை அவளிடம் விடுங்கள்: அனுப்புகிற பணத்தில் ஒரு பங்கை எதற்குச் செலவழிப்பது என்று அவள் சொல்லட்டும். ஏன் கிளம்பி வந்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளைகள் காரணம் தெரியாவிட்டால், தன்னிடம்தான் ஏதோ குறை என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

மாமியாரையும் கவனியுங்கள். வளர்ப்பவளுக்குத் தெம்பு இருந்தால்தான் பிள்ளைக்குப் போய்ச் சேரும். பாகிஸ்தானில் ராவல்பிண்டி கிராமங்களில் மனச்சோர்வோடு இருந்த தாய்மார்களிடம் ஊர் சுகாதாரப் பணியாளர்களே வீட்டுக்குப் போய்ப் பேசுகிற ஒரு ஏற்பாட்டைச் செய்தார்கள். மருத்துவர் இல்லை, பயிற்சி எடுத்த சாதாரணப் பெண்கள். 2008ல் வந்த முடிவு: குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது அந்தப் பேச்சு கிடைத்த தாய்மாரில் 23 சதவீதம் பேர்தான் மனச்சோர்வில் இருந்தார்கள், மற்றவர்களில் 53 சதவீதம். நம்மிடம் என்ன குறைச்சல்? ஒவ்வொரு கோயிலிலும் ஆடி வெள்ளிக்குக் கூழ் காய்ச்சக் கூடுகிற பெண்கள் இல்லையா?

---

பியாப்போன் பொண்ணு

மஹாச்சாய் அக்கா, என் பக்கத்திலிருந்தும் ஒன்று. மகள் "ம்" என்று சொன்னாலும் நேரத்துக்கு எடுக்கிறாள் இல்லையா? நானாக இருந்தால் அந்த அழைப்புக்காகக் காலையிலிருந்தே காத்திருப்பேன். விட்டுவிடாதீர்கள்.

---

மோல்மேன் பெரியவர்

தன்லின் மகள் கேட்டதற்காக நேற்றுக் கடைசித் தங்கைக்குப் போன் போட்டேன். 64க்குப் பிறகு திருச்சிப் பக்கம் போனவள், இப்போது பேரன் பேத்தி எடுத்தவள்.

நிறையப் பேசினாள். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று ஆத்தாவிடம் "எனக்குப் பயமா இருக்கு" என்றாளாம். ஆத்தா பதில் சொல்லாமல் அரிசி களைந்துகொண்டே இருந்தாளாம். அதன்பிறகு எந்தக் கஷ்டத்தையும் ஆத்தாவிடம் சொன்னதில்லை, எங்களிடமும் இல்லை. மச்சான் அவளை எத்தனை வருஷம் எப்படி நடத்தினார் என்று நேற்றுத்தான் எனக்குத் தெரியும். ஆத்தா மேல் கோபமா என்று கேட்டேன். "கோபம் இல்லண்ணே. ஆனா என் பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி ராத்திரி முழுக்க அவகூட உக்காந்து பேசினேன். வேண்டாம்னா நிறுத்திருவோம்னு சொன்னேன்" என்றாள்.

மற்ற இரண்டு தங்கைகளுக்கும் பேசப் போகிறேன்.

---

தக்கேட்டா டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. பெரியவர் ஐயா, உங்கள் தங்கைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கோயில் அக்காமார்களிடம் பேசியாயிற்று. வகுப்பு முடிந்ததும் பெண் பிள்ளைகளும் அவர்களை வளர்க்கிற பாட்டி, சித்திகளும் கொஞ்ச நேரம் சேர்ந்து உட்கார்வது என்று ஏற்பாடு. தையல் தெரிந்தவர்கள் வந்தால் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கலாம். பியாப்போன் தங்கை, யாங்கூன் வருகிற ஞாயிறு உண்டென்றால் சொல்லு. வக்கீல் அத்தை, அட்டை விவகாரத்துக்கு ஒருநாள் உங்களையும் இழுக்கப் போகிறேன்.

---

மஹாச்சாய் அம்மா

டீச்சர், எங்கள் வீடு தென் ஒக்கலாப்பாவில். மகளை அனுப்பலாமா? தமிழ் பேசுவாள், எழுத வராது.

---

தக்கேட்டா டீச்சர்

தாராளமாக அனுப்புங்கள். எழுத வராதவர்களுக்குத் தனி வரிசை இருக்கிறது, வெட்கப்பட வேண்டாம். காலை 9 மணிக்கு வகுப்பு. பாட்டியையும் கூட வரச் சொல்லுங்கள், தனியாக அனுப்ப வேண்டாம். போன் நம்பரைத் தனிச் செய்தியில் போடுகிறேன்.